கீழே கடை, மேலே வீடு

அந்தக் கட்டடத்தில் சலூன்காரர் ஒரே ஆள்தான். ஆனால் பதிவேட்டில் இரண்டு ஆள். கடைப் பட்டியலில் ஏழாம் நம்பர் கடை. குடியிருப்புப் பட்டியலில் முன்னூற்று ஏழாம் நம்பர் வீடு. கடைக்காரர்கள் முன்பக்க லிஃப்டில் ஏறக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் வந்தபோது, குடியிருப்பவராக அதற்குக் கை தூக்கியவர் அவர். மறுநாள் மேலங்கியும் கழுத்தில் துண்டுமாக ஏறப் போய், கடைக்காரராக அதே லிஃப்டிலிருந்து இறக்கிவிடப்பட்டவரும் அவர்தான். இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களும் சிரிப்பார்கள், தலையை ஆட்டாமல்.

நகரம் தன் எல்லையைத் தாண்டி நீண்டுகொண்டே போன காலத்தில் முளைத்த கட்டடம் அது. கீழே கடைகள், முதல் மாடியில் அலுவலகங்களும் ஒரு பல் மருத்துவரும், அதற்கு மேலே எட்டு மாடிக்கு வீடுகள். வேலையும் வாழ்க்கையும் ஒரே கூரையின் கீழ் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். தாள் முழுக்க வெள்ளைப் பல் தெரியச் சிரிக்கும் ஆட்கள். அந்த ஆட்களில் ஒருவரைக்கூட அங்கே குடிவந்த பிறகு யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் சலூன்காரர் அந்தத் தாளை நான்காக மடித்துக் கடை மேசை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஏழாம் நம்பர் கடைக்கு நேர் மேலே முன்னூற்று ஏழாம் நம்பர் வீடு இருப்பதுபோல ஒரு வரைபடம் இருந்தது. அவர் வாங்கியது கடையையும் அல்ல, வீட்டையும் அல்ல. அந்த 'நேர் மேலே'யைத்தான் வாங்கினார்.

அதற்குக் காரணம் அவருடைய மனைவி. சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று மைக்கில் சொல்கிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மைக்கை அணைக்க மறந்துவிட்டவள் மாதிரிப் பேசிக்கொண்டே இருப்பாள். முன்பு அவர்கள் வீடு ஊருக்கு ஒரு கோடி, சலூன் மறு கோடி. இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டும். ஒரு நாள் தலைவலி என்று அவள் லீவு போட்டிருந்தாள். அவர் இருட்டிய பிறகு திரும்பினால், குளியலறை வாசலில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. மதியம் விழுந்தவள்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது," என்றார் மருத்துவர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சலூன்காரருக்கு அந்தக் 'கொஞ்சம் முன்னாடி' மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. அத்தனை பேச்சுக்குப் பிறகு மிஞ்சியவை மூன்றே வார்த்தை: வா, வேணாம், ஆமா.

அவர் பழைய வீட்டை விற்றார், பழைய கடையைக் காலி செய்தார், இங்கே வந்துவிட்டார். தூர ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் போனில் சத்தம் போட்டாள்.

"எதுக்குப்பா இந்த வயசுல புது எடம்? பகல்ல பாத்துக்க ஒரு ஆள் வெச்சா போதாதா?"

"காலைல ஒரு அம்மா வந்து குளிப்பாட்டிட்டு ஒம்பது மணிக்குப் போவாங்க. அதுக்கு மேல நான் இருக்கேன்ல."

"நீங்க கடைல இருப்பீங்க."

"கடை எங்கடா இருக்கு? அவளுக்கு நேர் கீழ. இன்னொரு தடவை விழுந்தா நான் பக்கத்துல இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. வரைபடத்தில் நேர் மேலே, சரி. ஆனால் மனிதன் புகைபோல நேர் மேலே போக முடியாதே. கடையிலிருந்து வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி, குப்பை அறையைத் தாண்டி, கார்கள் நிற்கிற இடத்துக்குள் புகுந்து, காவலாளியிடம் அட்டையைக் காட்டி, அதன் பிறகு பின்பக்க லிஃப்ட். அவர் கடிகாரம் வைத்துப் பார்த்தார். நான்கு நிமிடம். காவலாளி புது ஆளாக இருந்தால் ஆறு. வீட்டில் ஒரு இன்டர்காம் இருந்தது, அது கேட்டுக்குத்தான் போகும், கடைகளுக்குப் போகாது. ஒரு தடவை ரேடியோ அதை எடுத்து "வா, வா" என்றிருக்கிறாள். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று காவலாளி வைத்துவிட்டான். செல்போனும் சரிப்படவில்லை. இடது கையால் தடவித் தடவி அவள் எண்ணைத் தேடுவதற்குள் யார் யாருக்கோ போய்விடும். ஒரு நாள் சரியாகவே அடித்துவிட்டாள். மணியடித்த திடுக்கில் அவருடைய கத்தி வாடிக்கையாளர் ஒருவரின் காதோரத்தைப் பதம் பார்த்துவிட்டது.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. மேல் வீடுகளின் சமையலறைக் கழிவுநீர் எல்லாம் ஓர் இரும்புக் குழாய் வழியாக இறங்கி, கடையின் பின்மூலையில் தலைகாட்டிவிட்டுத் தரைக்குள் போகும். ஒரு நாள் மேலே அவள் கையிலிருந்து கரண்டி தவறிக் குழாயில் பட்டது. கீழே சலூனில் 'டங்' என்று கோயில் மணி மாதிரிக் கேட்டது. அவர் சீப்பின் முதுகால் ஒரு தட்டுத் தட்டினார். சற்று நேரம் கழித்து மேலேயிருந்து ஒரு தட்டு வந்தது. அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு தலையை வெட்டி முடித்தார். பின்பக்கம் படிக்கட்டு மாதிரி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அது அவர்களுக்குள் ஒரு பாஷையாகிவிட்டது. ஒரு தட்டு என்றால் நன்றாயிருக்கிறேன். இரண்டு என்றால் கை ஒழிந்தபோது வா. மூன்று என்றால் போட்டது போட்டபடி வா. நாற்காலியைச் சமையலறைக் குழாயருகில் போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய கரண்டியையும் வைத்துவிட்டு அவர் இறங்குவார். அரை மணிக்கு ஒரு தட்டு வரும். மதியம் ஒரு மணி தாண்டினால் கணக்கில்லாமல் சடசடவென்று ஒரு பொரிதல். சாப்பிட வராமல் அங்கே என்ன செய்கிறாய் என்று வைகிற சத்தம் அது. "ரேடியோ வேலை செய்யுது," என்பார் அவர், முகமெல்லாம் பூரித்துப்போய். வாடிக்கையாளர்களுக்கும் பழகிவிட்டது. மூன்று தட்டுக் கேட்டால் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு இருப்பவர்களே, "போயிட்டு வாங்கண்ணே, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்," என்று அனுப்பிவைப்பார்கள். மேலே போனால் சில சமயம் சும்மா ஒரு புறா ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். "இதுக்கா மூணு தட்டு?" என்று கேட்டால், "ஆமா," என்று சிரிப்பாள்.

சத்தம் இரண்டாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும்கூடக் கேட்கும். முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டாம் மாடியில் இருந்த டீச்சரம்மா ஏறி வந்து என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றவர்களுக்கும் சொன்னார். பிறகு யாரும் குறை சொல்லவில்லை. ஒரு தட்டுக் கேட்டால் முன்னூற்று ஏழு நன்றாயிருக்கிறது என்று அந்த வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒரே ஒரு குறை அவளுக்கு. நேர் மேலே உட்கார்ந்திருந்தாலும் கடையை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. கடை வாசலில் இரண்டு படி. சக்கர நாற்காலியை நாலு பேர் தூக்கவேண்டும். அதைவிட அவருக்குக் கூச்சம் வேறு. கடையின் பின்மூலையில் குழாயின் இணைப்பு ஒழுக ஆரம்பித்திருந்தது. சுவரில் பழுப்பாக ஒரு கறை இறங்கி, நாளாக நாளாக நாற்றமும் சேர்ந்துகொண்டது. வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எதிர் வரிசையில் குளிர்சாதனத்தோடு பளபளவென்று ஒரு புது சலூன் வேறு வந்திருந்தது. "இந்த நாத்தத்துல உன்னக் கொண்டுவந்து உக்காத்தி வெக்கவா? சரி பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போறேன்," என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார்.

சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். குழாய் வீடுகளுடையது, கடைக்காரர் எப்படிப் புகார் கொடுக்கலாம் என்றார் செயலாளர். சரி, வீட்டுக்காரனாகக் கொடுக்கிறேன் என்றார் இவர். ஒழுகுவது கடையில், வீட்டுக்காரருக்கு அங்கே என்ன வேலை என்றார் செயலாளர். கடைசியில் கூட்டத்தில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். சங்கத்தார் கடைப் பகுதிக் குழாயை மட்டும் மாற்றிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து, சண்டையில் ஜெயித்தவர்போல அவளிடம் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார். அவளும் இடது கையால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

சுவருக்கு என்ன நிறம் என்பதை அவள்தான் முடிவு செய்தாள். நிறங்கள் அச்சடித்த அட்டையை அவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொன்றாக வேணாம், வேணாம் என்று பதினோரு தடவை சொல்லி, வெளிர்பச்சைக்கு ஆமா என்றாள். சலூனுக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை பிளம்பர் வந்தார். நல்ல மனுஷன். துருப்பிடித்த இரும்பை அறுத்தெடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார். மேலே இரும்போடு சேருமிடத்தில் கனமான ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு முடுக்கினார்.

"இனிமே ஒரு சொட்டு ஒழுகாதுண்ணே. இன்னொரு விஷயம், தண்ணி எறங்குற சத்தம்கூடக் கேக்காது. அவ்வளவு அமைதியா இருக்கும்."

"அதான் வேணும், அதான் வேணும்," என்றார் சலூன்காரர். சந்தோஷத்தில் பிளம்பரை அங்கேயே உட்கார வைத்து, காசு வாங்காமல் முடி வெட்டிவிட்டார். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. வெட்டுகிற நேரம் முழுக்க அந்தக் குழாய் அவர் கண்ணெதிரில்தான் இருந்தது. சீப்பால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்று மேலே வீட்டில், காலையில் குளிப்பாட்ட வருகிற அம்மா சாயங்காலம்வரை கூட இருந்தாள், அதனால் தட்டுக்கே வேலை இருக்கவில்லை. பிளம்பர் போனதும் இவரே உருளையை எடுத்துச் சுவர் முழுக்க வெளிர்பச்சை அடித்தார்.

சாயங்காலம் மேலே போனபோது, அவள் நல்ல புடவை கட்டி நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாவைப் பிடித்துக் கட்டிவிடச் சொல்லியிருக்கிறாள். "வா," என்றாள் வாசலைக் காட்டி.

அவருக்குத் தோள் இற்றுப்போயிருந்தது. "இன்னிக்கு வேணாம்மா. பெயிண்ட் ஈரமா இருக்கு, வாடை வேற. காயட்டும். நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வா."

"நாளைக்குன்னு சொல்றேன்ல? ரெண்டு வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு நாள் பொறுக்க முடியாதா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறு ஊட்டியபோதும் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான். அடுத்த நாள் பாதி நாளைக்குக் குழாயில் தட்டமாட்டாள். அவர் கீழேயிருந்து தட்டினாலும் பதில் வராது. மதியம் நேரில் போய்க் கெஞ்சினால்தான் ரேடியோ மறுபடி பாடும். இது அவருக்கு அத்துப்படி.

புதன்கிழமை காலையில் அந்த அம்மா இறங்கிப் போகும்போது கடையில் எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு அம்மா மொகமே சரியில்லைங்க. காப்பிகூடக் குடிக்கல."

"நேத்துலேருந்து கோவம். சரியாயிடும்," என்றார் அவர்.

பள்ளிக்கூடங்கள் திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. கடையில் தலைக்கு மேல் தலை. வந்தவர்களெல்லாம் சுவரைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார்கள். ஒன்பதரைக்குத் தட்டு வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. சரி, கோபம் இன்னும் தணியவில்லை. பதினொன்றுக்கு அவருக்கும் கொஞ்சம் வீம்பு வந்துவிட்டது. நாள் முழுக்கச் சுவரடித்தது யாருக்காக? நானா முதலில் தட்டவேண்டும்? தட்டவில்லை. ஒரு மணிக்குச் சடசடவும் வராதபோது மனசு ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் நாற்காலியில் ஒருவர், பெஞ்சில் மூன்று பேர். சாயங்காலம் எப்படியும் நாலு பேரைப் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவது என்று எண்ணிக்கொண்டார். அவள் பார்க்கும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கட்டும் என்று நடுநடுவே அதை வேறு துடைத்தார். இரண்டு மணிக்குத்தான் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. டீச்சரம்மா ஏறினார். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "இப்ப எப்படி இருக்காங்க? காலைல பயந்தே போயிட்டேன்," என்றார்.

"என்ன காலைல?"

"அதான், மூணு மூணா எத்தனை தட்டு! பத்து மணிக்கு ஆரம்பிச்சது, நிக்கவே இல்லையே. நாலாம் மாடிலகூடக் கேட்டாங்க. நான் கதவைத் திறந்துட்டு வெளிய வந்தேன். அப்புறம் நீங்க வந்திருப்பீங்க, நாம எதுக்குக் குறுக்கன்னு..." அவர் முகத்தைப் பார்த்து டீச்சரம்மாவின் பேச்சு தேய்ந்தது. "கடைசியா ஒரே ஒரு தட்டு கேட்டுது. அதான், சரியாயிடுச்சுன்னு நெனச்சு உள்ள போயிட்டேன்."

சாவிக்கொத்திலிருந்த கடைச் சாவியை வீட்டுப் பூட்டில் போட்டுத் திருகினார். டீச்சரம்மாதான் வாங்கித் திறந்தார். சமையலறையில் நாற்காலி ஒருக்களித்துக் கிடந்தது. அவள் குழாயை ஒட்டித் தரையில் கிடந்தாள். இடது கைக்குள் கரண்டி. இரும்புக் குழாயில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் சில்லுச் சில்லாக உதிர்ந்து, வெள்ளை வெளேரென்று இரும்பு தெரிந்தது. விழுந்த பிறகும் தட்டியிருக்கிறாள். கண் திறந்திருந்தது. போன தடவை மாதிரியேதான், அவர் வருகிற வழியைப் பார்த்து.

ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் ஒன்றும் செய்வதற்கு இல்லை. பத்து மணி வாக்கில் ஆரம்பித்திருக்கும் என்று சொல்லிவிட்டு இளம் மருத்துவர் அடுத்த வார்த்தைக்கு வாயெடுத்தார். சலூன்காரர் இரண்டு கையையும் கூப்பினார்.

"கொஞ்சம் முன்னாடின்னு மட்டும் சொல்லாதீங்க டாக்டர்."

மருத்துவர் சொல்லவில்லை.

இரவே உடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மகள் விடியற்காலையில் வந்து சேர்ந்தாள். அப்பா அழவில்லையே என்று அவளுக்குப் பயம். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு குழாயில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளம்பர் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். இவர் வெட்டிவிட்ட தலையோடு வாசலில் நின்று விம்மினார். "ரப்பர் வளையம் சத்தத்தை நிறுத்திடும்னு எனக்குத் தெரியும்ணே. நீங்க அதை வெச்சுத்தான் பேசிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதேண்ணே."

"உனக்குத் தெரியாதுப்பா. எனக்குத்தான் தெரியும்," என்றார் அவர். டீச்சரம்மாவும் தன்னால்தான் என்று அழுதார். அவரையும் தேற்றினார். "நீங்க என்னம்மா பண்ணுவீங்க? கொழாயை மாத்தச் சொல்லி ஊரைக் கூட்டிக் கத்தினது நான்." பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கடைசித் தட்டு... அது பலமாக் கேட்டுதா, மெதுவாவா?"

டீச்சரம்மா யோசித்தார். "தெளிவாக் கேட்டுதுங்க," என்றார்.

இரண்டாவது தட்டுக்கு முன்பே கை ஓய்ந்துவிட்டதா, இல்லை, நீ வராவிட்டாலும் பரவாயில்லை, நான் நன்றாயிருக்கிறேன் என்று வேண்டுமென்றேதான் ஒன்றோடு நிறுத்தினாளா என்று அவர் அப்போதும் யோசித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் யோசித்தார். இரண்டில் எதுவும் அவருக்கு ஆறுதலாக இல்லை.

எடுத்துக்கொண்டு போகும்போது செயலாளர் ஓடி வந்து, இன்றைக்கு முன்பக்க லிஃப்டிலேயே கொண்டுபோகலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் அதற்குள் நுழையவில்லை. சாமான் ஏற்றும் பின்பக்க லிஃப்டில் இறக்கி, கார்கள் நிற்கிற இடம் வழியாக, காவலாளியைத் தாண்டி, குப்பை அறையைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அவர் தினம் போய்வந்த அதே நான்கு நிமிட வழி. சாலையில் வண்டி நின்றது. கடை வரிசையைத் தாண்டும்போது அவர், "கொஞ்சம் நில்லுங்க," என்றார்.

முன்னால் போய் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே எல்லா விளக்கையும் போட்டார். தூக்கியவர்கள் மகளைப் பார்த்தார்கள், மகள் தலையசைத்தாள். நாலு பேர் சேர்ந்து இரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டார்கள். இரண்டு வருஷமாக ஏறமுடியாத படி அவ்வளவுதான். கண்ணாடிகளுக்கு நடுவில் அவளை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"இதான் கடை," என்றார் அவர். "இங்கதான் நான் நிப்பேன். அந்த மூலைலதான் நீ தட்டுறது கேக்கும்." குரல் அங்கேதான் உடைந்தது. மகள் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டுச் சுவரருகில் போனார். உள்ளங்கை முழுதையும் வெளிர்பச்சையில் வைத்து அழுத்தினார். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை மனைவிக்கும் காட்டினார்.

"காஞ்சிடுச்சும்மா," என்றார்.